ஒரு டிகிரியில் மறையும் ஓராண்டு: நுரையீரல் சோதனையில் வெப்பநிலைத் திருத்தம்

25 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் ஒருவர் தம் நெஞ்சுக்குள் இருந்த 4 லிட்டர் காற்றை முழு மூச்சாக ஊதுகிறார். அதை ஒரு கலத்தில் பிடித்து அளந்தால் சுமார் 3.72 லிட்டர்தான் தேறும். குழாயில் ஓட்டை இல்லை, ஊதியவர் மீதும் குறை இல்லை. நுரையீரலுக்குள் 37 டிகிரியில் ஈரம் நிறைந்திருந்த காற்று, வெளியே வந்து அறையின் சூட்டுக்கு இறங்கியதும் சுருங்கிவிட்டது. அதிலிருந்த நீராவியில் ஒரு பங்கு நீராகப் படிந்துவிட்டது. காணாமல்போன 280 மில்லி லிட்டரையும் கணக்கில் சேர்த்தால்தான் அந்த மனிதரின் நுரையீரலைப் பற்றி நாம் உண்மை பேசுகிறோம்.

அப்படிச் சேர்க்கும் கணக்குக்கு மருத்துவ உலகில் பி.டி.பி.எஸ். திருத்தம் என்று பெயர். உடல் வெப்பநிலை, அன்றைய காற்றழுத்தம், நீராவி நிறைந்த நிலை ஆகிய மூன்றையும் வைத்து, வெளியே அளந்ததை நெஞ்சுக்குள் இருந்த அளவாக மாற்றுவது. ஆஸ்துமா நோயாளிகள், நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பான சி.ஓ.பி.டி. நோயாளிகள் ஆகியோரின் கையில் இருக்கும் ஒவ்வொரு ஸ்பைரோமெட்ரி (மூச்சை ஊதவைத்து அளக்கும் சோதனை) அறிக்கையிலும் இந்தத் திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. கருவியே அதைச் செய்துவிடுவதால் பெரும்பாலானோர் அதை முடிந்துபோன விஷயமாக நினைக்கிறார்கள். முடிந்துபோனது சூத்திரம் மட்டுமே. அதில் எந்த இடத்தின் வெப்பநிலையை, எந்த நேரத்தின் வெப்பநிலையை இடுவது என்ற கேள்வி இன்னும் ஒவ்வொரு சோதனை அறையிலும் திறந்தே கிடக்கிறது.

சூத்திரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது வாயுவின் விரிவும் சுருக்கமும்: உடலின் 310 கெல்வினை, அறையின் வெப்பநிலையோடு 273 கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 25 டிகிரி அறையில் இது சுமார் 4 சதவீதம் கூட்டும். இரண்டாவது ஈரம். 37 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 47 மில்லிமீட்டர் பாதரசம். 25 டிகிரியில் அது ஏறக்குறைய பாதியாகி 23.8-க்கு இறங்கிவிடுகிறது. மொத்தக் காற்றழுத்தத்திலிருந்து இவற்றைத் தனித்தனியே கழித்து ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் இன்னும் 3.3 சதவீதம் சேரும். சூட்டுக்கு நிகராக ஈரமும் கணக்கைத் தூக்குகிறது என்பதைப் பாடம் படித்தவர்கள்கூட எளிதில் மறந்துவிடுகிறார்கள். கடல் மட்டத்தில் இரண்டும் சேர்ந்த பெருக்கும் எண் 20 டிகிரியில் 1.102, 25-இல் 1.075, 30-இல் 1.045, 35-இல் 1.014. 37-இல் அது சரியாக 1.

ஸ்பைரோமீட்டரின் தொடக்க காலத்திலிருந்தே வெப்பநிலை அதன் கூடவே வருகிறது. லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-இல் வெளியிட்ட பெரிய கட்டுரையில், நீரில் கவிழ்த்த உலோக மணிக்குள் ஊதவைத்து 2,000-க்கும் மேற்பட்டவர்களின் மூச்சை அளந்திருந்தார். உயிர்க்கொள்ளளவு என்று இன்று நாம் சொல்லும் அளவை நிலைநிறுத்தியவர் அவர். உயரம் ஓர் அங்குலம் கூடினால் ஊதும் காற்று 8 கன அங்குலம் கூடும் என்று அவர் விதி சொன்னபோது, அந்தக் காற்று 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொன்னார். அதாவது, எல்லா அளவுகளையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற அறிவு அப்போதே இருந்தது. ஆனால் அவர் தேர்ந்தது உடலின் வெப்பநிலையை அன்று, ஏறக்குறைய 15.5 டிகிரி செல்சியஸுள்ள ஆங்கிலேய அறையின் வெப்பநிலையை. அவருடைய எண்களை இன்றைய எண்களோடு ஒப்பிட விரும்புகிறவர் முதலில் சுமார் 12 சதவீதம் கூட்டியாக வேண்டும். அதைச் செய்யாமல், விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்களின் நுரையீரல் சிறியது என்று யாராவது முடிவு கட்டினால் அது வெறும் தெர்மாமீட்டர் பிழை.

ஹட்சின்சனின் மணிக்குப் பின் வந்த உலர் உருளைகளும் துருத்திகளும் ஒரே குடும்பம்தான். ஊதிய காற்றை முழுவதுமாகப் பிடித்து வைத்து அளப்பவை. மேலே சொன்ன திருத்த எண்களின் பாடநூல் பட்டியல் இவற்றுக்குப் பொருந்தும். ஆனால் பட்டியல் ஒன்றை மறைமுகமாக எடுத்துக்கொள்கிறது: ஊதிய காற்று கலத்துக்குள் நுழைந்த கணமே குளிர்ந்துவிட்டது என்று. உண்மையில் குளிர நேரம் பிடிக்கும். ஆறு நொடி, பத்து நொடி ஊதி முடிக்கும்போது காற்று கலத்தின் சூட்டை ஏறக்குறைய எட்டியிருக்கும். முதல் நொடியின் முடிவில் அது இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். இந்த இரு நிலைக்கும் ஒரே எண்ணால் பெருக்கினால், ஊதிய மொத்த அளவான எஃப்.வி.சி. சரியாக வரும், முதல் நொடி அளவான எஃப்.இ.வி.1 மட்டும் உண்மையைவிடக் கூடுதலாக வரும்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையும் உடைகிறது. எஃப்.இ.வி.1-ஐ எஃப்.வி.சி.யால் வகுத்து வரும் விகிதம்தான் மூச்சுக்குழாய் அடைப்பைக் காட்டும் முதல் அடையாளம். 0.70-க்குக் கீழே போனால் சி.ஓ.பி.டி. பற்றி யோசிக்கிறோம். மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்குவதால் வெப்பநிலைப் பிழை விகிதத்தில் அடிபட்டுப்போகும் என்பார்கள். முழுக்கக் குளிர்ந்த காற்றுக்கு அது சரி. பாதி குளிர்ந்த காற்றில் மேல் எண் மட்டும் ஊதிப் பெருத்து, விகிதம் உயர்ந்து, தொடக்க நிலை அடைப்பு கண்ணில் படாமல் போகலாம். 1983-இல் இரு தனித்தனிக் குழுக்கள் இதை ஆராய்ந்து எழுதின. நொடிக்கு நொடி மாறும் திருத்த எண்கள் வேண்டும் என்ற கருத்தும் அப்போது வலுப்பெற்றது. அறை குளிரக் குளிர இந்தப் பிழை வளரும். 17 டிகிரிக்குக் கீழே சோதனை செய்வது சிக்கலானது என்று அமெரிக்க, ஐரோப்பிய மார்பு மருத்துவ சங்கங்களின் நெறிமுறைகள் எச்சரிப்பதற்கு இது முக்கியக் காரணம். குளிர்ந்த உலர் காற்றே சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும் என்பது அடுத்த காரணம்.

இன்னொரு சங்கடம்: எந்தத் தெர்மாமீட்டரை நம்புவது? சுவரில் தொங்குவது அறையின் சூட்டைச் சொல்லும். ஆனால் சுருங்கியது கலத்துக்குள் இருக்கும் காற்று. ஒருவர் அடுத்தடுத்து ஊத ஊத, வெதுவெதுப்பான மூச்சு கலத்தின் உட்புறத்தைச் சூடேற்றிக்கொண்டே போகிறது. காலையில் குறித்த வெப்பநிலை முற்பகலிலேயே பொய்யாகிவிடும். 1994-இல் வந்த ஓர் ஆய்வு, இத்தகைய ஸ்பைரோமீட்டர்களுக்கு உள்ளேயே தானியங்கி வெப்பமானி வேண்டும் என்று தன் தலைப்பிலேயே கேட்டது. சரியான கோரிக்கை.

இன்றைய மருத்துவமனைகளில் காற்றைப் பிடித்து வைக்கும் கருவிகள் அருகிவிட்டன. காற்று ஓடும் வேகத்தை அளந்து அதிலிருந்து அளவைக் கணக்கிடும் சிறு உணரிகள்தான் எங்கும். இவற்றோடு பிரச்சினை வேறு உருவம் எடுக்கிறது. 1925-இல் ஆல்ஃபிரெட் ஃப்ளைஷ் உருவாக்கிய நியூமோடாக்கோகிராஃப் நுண்குழல்களின் கட்டு வழியாகக் காற்றை விட்டு, இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை அளக்கும். அந்த வேறுபாடு காற்றின் பிசுபிசுப்பைப் பொறுத்தது. உலர்ந்த காற்றின் பிசுபிசுப்பு 20 டிகிரியிலிருந்து 37-க்குப் போகும்போது 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது. ஆக, அளவை மட்டுமின்றி அளவுகோலையே வெப்பம் மாற்றிவிடுகிறது. குழல்களில் ஈரம் படிந்தால் வழி குறுகி எண் மேலும் பிசகும். அதனால்தான் அந்தத் தலைப்பகுதியை மின்சாரத்தால் சூடாக்கி வைப்பார்கள்.

சுழலும் விசிறி வைத்த டர்பைன் கருவிகளில் பிசுபிசுப்பின் தொல்லை குறைவு. அல்ட்ராசவுண்ட் கருவிகள் இன்னும் நேர்த்தியானவை. ஒலி அலை காற்றோட்டத்தோடு போகும் நேரத்தையும் எதிர்த்து வரும் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வதால், ஒலியின் வேகத்தில் வெப்பம் செய்யும் மாற்றம் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. எனினும், உணரியைக் கடந்த காற்றின் சூடு எவ்வளவு என்ற கேள்வி எந்தக் கருவியையும் விடுவதில்லை.

அந்தச் சூடு 37 டிகிரியும் அல்ல, அறையின் அளவும் அல்ல. உள்ளே இழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கிய வாயும் தொண்டையும், வெளியேறும் காற்றிடமிருந்து அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. மிதமான அறையில் வாயைவிட்டு வரும் மூச்சு சுமார் 33, 34 டிகிரியில் இருக்கும். 34 டிகிரிக்கான திருத்தம் வெறும் 2 சதவீதம். அதே உணரி வழியாக உள்ளே போகும் காற்றோ அறைச் சூட்டில், அறை ஈரத்தில் இருக்கிறது. 25 டிகிரி, பாதி ஈரப்பதம் என்றால் அதற்கு 9 சதவீதம் கூட்ட வேண்டும். ஆகவே வெளிமூச்சுக்கு ஓர் எண், உள்மூச்சுக்கு வேறோர் எண். இரண்டுக்கும் ஒன்றையே போட்டுவிட்டால் திரையில் வரையப்படும் மூச்சு வளையம் தொடங்கிய இடத்தில் வந்து முடியாது. குளிர்ந்திருந்த உணரி முதல் ஊதலில் ஒரு மாதிரியும், மூச்சுச் சூடு ஏறியபின் மூன்றாம் ஊதலில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். முன்னேற்றம் என்று நாம் நினைப்பது உணரி சூடேறியதாகவும் இருக்கலாம்.

ஓரிரு சதவீதத்துக்கா இத்தனை கவலை என்று கேட்கலாம். ஒரே ஒரு முறை சோதித்து, நுரையீரல் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவருக்கு இது பெரிதல்ல. கவலை, மாற்றத்தை அளக்கும்போதுதான். 25 முதல் 30 டிகிரி வரையுள்ள எல்லையில் ஒரு டிகிரி தவறினால் 0.6 சதவீதம் தவறும். 4 லிட்டர் எஃப்.இ.வி.1 உள்ளவருக்கு அது 20 மில்லி லிட்டருக்கும் சற்று மேல். புகைக்காத, ஆரோக்கியமான மனிதர் நடுவயதில் ஓராண்டில் இழப்பது ஏறக்குறைய 25, 30 மில்லி லிட்டர். ஒரு டிகிரி பிழை ஒரு மனிதரின் நுரையீரல் வயதில் ஏறக்குறைய ஓராண்டைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 புகைப்பவர்களைப் பின்தொடர்ந்த நுரையீரல் நல ஆய்வில், புகையை விட்ட ஆண்கள் ஆண்டுக்கு 30.2 மில்லி லிட்டரும் விடாத ஆண்கள் 66.1 மில்லி லிட்டரும் இழந்தார்கள் என்று 11 ஆண்டு முடிவுகள் காட்டின. புகைக்கும் பழக்கத்தின் முழுக் கொடுமையும் ஆண்டுக்கு 36 மில்லி லிட்டர் வேறுபாடாகத்தான் வெளிப்படுகிறது. வெப்பமானியில் இரண்டு டிகிரி அசட்டையாக இருந்தால் அந்த அளவு வேறுபாட்டை ஒரு நோயாளியின் அறிக்கையில் அழித்துவிடலாம்.

பஞ்சாலைகளில் இது இன்னும் கூர்மையாகிறது. பருத்தித் தூசியால் வரும் பிஸ்ஸினோசிஸ் நோயில், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு அதிகமாக இறுகும். அதனால் ஷிஃப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் எஃப்.இ.வி.1 அளந்து, இடையில் எவ்வளவு சரிந்தது என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவின் 1978 பருத்தித் தூசி விதியில் 5 சதவீதம் அல்லது 200 மில்லி லிட்டர் சரிவே கண்காணிப்பை நெருக்கமாக்கப் போதுமானது. கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஆலையை ஒட்டிய ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் 26 டிகிரி, பிற்பகலில் 33. காற்றைப் பிடித்து அளக்கும் கருவியில் காலையில் இட்ட 26 அப்படியே இருந்துவிட்டது. 26-க்கான எண் 1.069, 33-க்கானது 1.026. பிற்பகல் அளவு ஒவ்வொன்றும் 4 சதவீதம் பெருத்துக் காட்டும். காலையில் 3 லிட்டர் ஊதிய தொழிலாளிக்கு உண்மையில் 5 சதவீதம் சரிந்து 2.85 ஆகியிருந்தால், அறிக்கை 2.97 என்று எழுதும். 150 மில்லி லிட்டர் இழப்பு 30-ஆகச் சுருங்கிவிட்டது. அவரைத் தூசியிலிருந்து விலக்கி வைத்திருக்க வேண்டிய அறிகுறி, ஒரு பட்டனை அழுத்தாததால் காணாமல் போகிறது. வெப்ப நாடுகளில் திருத்த எண் சிறியது, எனவே கவலை வேண்டாம் என்று சொல்பவர்களுக்கு என் பதில் இந்தக் கணக்குதான். எண் சிறியதாக இருப்பது நமக்குச் சாதகம். ஒரே நாளில் அது மாறிக்கொண்டே இருப்பது பாதகம்.

வெப்ப நாட்டுக்கே உரிய இன்னொரு கேள்வியும் உண்டு. பெரும்பாலான பட்டியல்கள் 37 டிகிரியில் நின்றுவிடும். சித்திரை, வைகாசியில் வேலூரின் ஒரு தகரக் கூரை முகாமில் 40 டிகிரி இருந்தால்? அங்கே மூச்சு குளிர்வதில்லை, சூடேறுகிறது. திருத்த எண் 1-க்குக் கீழே போகும். உலர் துருத்திக்குள் புதிதாக ஈரம் சேர வழியில்லாததால் 40 டிகிரிக்கான நீராவி அழுத்தத்தை எடுக்கக் கூடாது. நுரையீரலில் ஏற்ற 47-ஐயே வைத்துக்கொண்டு சூட்டுக்கு மட்டும் திருத்தினால் 0.990 வரும். நெறிமுறைகள் மேல் எல்லையாக வைத்திருப்பதும் அந்த 40 டிகிரியையே. அதற்கு மேல் கருவியின் எண்ணை நம்பிச் சிகிச்சையை மாற்றுவது சரியல்ல. சோதனையை வேறு நேரத்துக்குத் தள்ளுவதே நல்லது. முகாம்களில் காரின் பின்சீட்டில் வெந்துகிடந்த கைக்கருவியை எடுத்த உடனே ஊதச் சொல்வதும் தவறு. அது அறையின் சூட்டுக்கு இறங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

காலிபரேஷனில் நேரும் பிழை தந்திரமானது, ஏனென்றால் அது சரியாக இருப்பதுபோலத் தோன்றும். 3 லிட்டர் சிரிஞ்சால் கருவியைச் சோதிக்கும்போது அதிலிருக்கும் காற்று அறைச் சூட்டில் இருக்கிறது. மூச்சுக்கான திருத்தம் அதற்குத் தேவையில்லை. திருத்தத்தை நிறுத்தாமல் சிரிஞ்சை அழுத்தினால் 25 டிகிரியில் திரை 3.22 காட்டலாம். அதைக் கண்டு, கருவி பிசகிவிட்டது என்று 3.00-க்கு இழுத்து நிறுத்துபவர், அன்று வரும் ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் 7 சதவீதத்தைப் பிடுங்கிவிடுகிறார். சிரிஞ்சு கருவியின் பக்கத்திலேயே, வெயில் படாமல் இருக்க வேண்டும். ஏசி அறையில் கருவி, வெளியே ஸ்டோர் ரூமில் சிரிஞ்சு என்று வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அங்கே தினமும் செய்யும் சரிபார்ப்பே பிழையின் ஊற்று.

காற்றழுத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2,240 மீட்டர் உயரத்து உதகையில் அழுத்தம் சுமார் 580 மில்லிமீட்டர். 20 டிகிரியில் எண் 1.102-க்குப் பதில் 1.117 ஆகும். மலைப்பகுதி மருத்துவமனைகள் ஒருமுறை கவனித்து அமைத்துக்கொண்டால் போதும். கார்பன் மோனாக்சைடு கொண்டு வாயுப் பரிமாற்றத்தை அளக்கும் சோதனையில் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே நுரையீரலின் கொள்ளளவு உடல் நிலையிலும், கடந்துபோன வாயுவின் அளவு 0 டிகிரி, உலர்ந்த நிலையிலும் சொல்லப்படும். இரண்டுக்கும் இடையே 0.826 என்ற எண் நிற்கிறது. குழப்பினால் 17 சதவீதம் தவறும்.

எதிர்பார்க்கப்படும் அளவில் இத்தனை சதவீதம் என்று சொல்வதற்கும் இதே கவனம் வேண்டும். ஒப்பிடும் அட்டவணையும் நோயாளியின் அளவும் ஒரே வெப்பநிலைக் கணக்கில் இருந்தாக வேண்டும். சென்னையின் ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதித்து வி.கே.விஜயன் குழுவினர் 1990-இல் 'தோராக்ஸ்' இதழில் வெளியிட்டது போன்ற உள்ளூர் ஆய்வுகளுக்கு இதனால்தான் தனி மதிப்பு. நம் உடலமைப்போடு நம் அறைகளின் சூட்டையும் அறிந்தவர்கள் எடுத்த அளவுகள் அவை. அடுத்த தலைமுறை ஒப்பீட்டு ஆய்வுகளைத் திட்டமிடுகிறவர்கள் ஒவ்வொரு ஊதலின்போதும் இருந்த வெப்பநிலையைத் தரவோடு சேர்த்துப் பதிவு செய்தால் பின்னால் வருகிறவர்களுக்கு அது பெரும் உதவி.

இவ்வளவையும் பார்த்தபின் என் தீர்ப்பு இது. திருத்தச் சூத்திரத்தை மேலும் நுணுக்கமாக்குவதைவிட, சூத்திரத்துக்குள் போகும் வெப்பநிலையைச் சரியாகப் பிடிப்பதில்தான் பலன் அதிகம். உணரிக்கு அருகிலேயே, ஒரு டிகிரிக்குள் துல்லியமாக, ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக எடுக்க வேண்டும். தானாக எடுக்காத கருவியில் டெக்னீஷியன் காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, ஏசி நின்றுபோனால் மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும். மருத்துவமனை நிர்வாகங்கள் அதற்கான நேரத்தை அவருக்குத் தர வேண்டும். அந்த வெப்பநிலை அறிக்கையின் முதல் பக்கத்தில், பெயர், வயது, உயரத்துக்கு அருகில் அச்சாக வேண்டும். சென்ற ஆண்டு அறிக்கையையும் இந்த ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்து மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கும் மருத்துவர், 100 மில்லி லிட்டருக்கும் குறைவான மாற்றத்தைப் படிப்பதற்கு முன் அந்த இரண்டு டிகிரி எண்களையும் பார்த்துவிடட்டும்.